டாக்டர் தாமஸ் பிரான்சிஸ்

புதுச்சேரிக்கு வடபால், கடலைத் தன் கிழக்கெல்லையாகக் கொண்டு விளங்குவது கோட்டக்குப்பம் என்னும் எமதூர். அங்கிருந்து கடலோரச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களைக் காண்பர். எமதூரில் இஸ்லாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழ்கின்றனர். ஹஜ் யாத்திரை மேற்கொள்வோர், நம் நாட்டரசின் ஏற்பாட்டின்படி, புறப்படுமுன் மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்கும் ஊசியும் போலியோச் சொட்டு மருந்தும் பெறுவர். 65 வயது கடந்தவர்க்கு இவற்றோடு இன்புளுயென்சா என்னும் விஷக்காய்ச்சலைத் தடுக்கும் ஊசியும் போடப்பெறும். பல தேசத்து மக்கள் லட்சக்கணக்கிற் கூடி, தோளோடு தோள் நெருங்கி நிற்குமிடத்தில், ஒருவர் இருமினால் அவ்விருமல் பலரைச் சாரும் என்பதும், அங்ஙனம் சார்ந்த நோய் முதியோரையே பெரிதும் வருத்தும் என்பதும் இவ்வேற்பாட்டிற்குக் காரணங்களாம்.

இவ்வூசியைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் பெரியவரைச் சூழ்ந்து உறவினர் வினவுவது ஒன்றே. இனி இவருக்குக் காய்ச்சல் வாராதா என்பது அவ்வினா. வரவே வராது என்று சிலர் உறுதி கூறுவர். சென்ற ஆண்டு ஊசி போட்டுக்கொண்ட இன்னாருக்கும் வந்ததே, இதனால் யாதொரு பயனுமில்லை என்று வேறு சிலர் மறுப்பர். இவ்விரு கூற்றும் பிழையேயாம். முன்னதை நம்பியவர் காய்ச்சல் கண்டபின் வைத்தியரிடம் காலந்தாழ்த்திச் செல்வர். பின்னதை நம்பியவர் கிடைக்கும் காப்பையும் இழப்பர். இரண்டிற்கும் இடையேயுள்ள உண்மையை, நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாற் கூறுதல் இயலும். அவ்வாறு எண்ணிக் காட்டும் முறையை இன்புளுயென்சா ஊசியின் திறத்திலே நிலைநாட்டிய பெரியாரே டாக்டர் தாமஸ் பிரான்சிஸ் ஆவர். அவருடைய சரித்திரத்தை நம் மாணவ நண்பர்க்கு ஒருவாறு சுருக்கியுரைக்க விழைகின்றோம்.

பிரான்சிஸ் 1900ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் இந்தியானா மாகாணத்தில் காஸ் சிட்டி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வேல்ஸ் நாட்டினின்று குடியேறியவர். உருக்காலையில் உழைத்துக் குடும்பத்தைப் புரந்தவர். குருப்பட்டம் பெறாதவராயினும் மெதடிஸ்டு சபையிற் போதகராகவும் பணிபுரிந்தவர். பிரான்சிஸ் பென்சில்வேனியாவின் மேற்பகுதியிலுள்ள நியூ காஸில் நகரில் வளர்ந்து, 1917இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். பொருள் வளம் வாய்ந்த குடும்பமன்று. ஆயினும் உதவிச் சம்பளம் பெற்று அலகெனிக் கல்லூரியிற் பயின்று 1921இல் பட்டம் எய்தினார். அக்கல்லூரியும் மெதடிஸ்டு சபையாரோடு தொடர்புடையதென்பது நம்போன்ற கல்லூரியிற் பயில்வார் அறிந்து மகிழத்தக்கது. பின்னர் யேல் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்று 1925இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் கல்லூரி மாணவராயிருந்த 1918ஆம் ஆண்டிலேதான் உலகமெங்கும் இன்புளுயென்சாப் பெருநோய் பரவிற்று. நம் இந்தியாவில் அது பம்பாய்த் துறைமுகத்தின் வழியே புகுந்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளைகொண்டது. பிற ஆண்டுகளில் முதியோரையும் பச்சிளங் குழந்தைகளையும் நாடும் அந்நோய், அவ்வாண்டில் கட்டிளங்காளையரையும் வீழ்த்திற்று. அதனை விளைக்கும் கிருமி இன்னதென்று அக்காலத்து வைத்தியர் எவர்க்கும் தெரியவில்லை. கிருமி தெரியாமலே பலவகை ஊசிகள் பல நாடுகளிற் போடப்பட்டன. அவற்றாற் பயன் விளைந்ததாகப் பலர் முழங்கினர்; ஆயின் ஊசி போட்டாரையும் போடாதாரையும் ஒத்த நிலையில் நிறுத்தி ஒப்பிட்டவர் மிகச் சிலரே. இக்குறையை நீக்குதல் பிற்காலத்தில் பிரான்சிஸின் வாழ்நாட் பணியாயிற்று.

வைத்தியப் பட்டம் பெற்றபின்னர் அவர் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கே ஆஸ்வால்டு ஏவரி முதலிய பேரறிஞர் நிமோனியா என்னும் நுரையீரற் காய்ச்சலை ஆராய்ந்து வந்தனர். 1930இல் பிரான்சிஸும் அவர்தம் தோழர் வில்லியம் டில்லெட்டும் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் ஒரு புதிய புரதப் பொருளைக் கண்டனர். நோய் மிகும்போது அது மிகும். நோய் தணியும்போது தணியும். இன்று நம்மூர்ச் சிறு ஆய்வுக்கூடங்களிலும் சி.ஆர்.பி. என்னும் பெயராற் செய்யப்பெறும் இரத்தப் பரிசோதனை அப்பொருளை அளப்பதேயாம். கொரோனாக் காலத்தில் இப்பெயரைக் கேளாத குடும்பம் அரிது. அதனைக் கண்டார் பெயரை அறிந்தாரோ அதனினும் அரியர்.

1933இல் இலண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர், காய்ச்சல் கண்டவரின் தொண்டை கொப்பளித்த நீரைக் கீரியினத்தை ஒத்த பெரட் என்னும் விலங்கின் மூக்கிலிட்டு, இன்புளுயென்சாவை விளைப்பது பூதக்கண்ணாடிக்கும் புலனாகாத வைரஸே என்று காட்டினர். அடுத்த ஆண்டிலேயே, போர்ட்டோ ரிக்கோத் தீவிற் பரவிய காய்ச்சலினின்று பெறப்பட்ட நீரைக்கொண்டு பிரான்சிஸ் அவ்வைரஸைப் பிரித்தெடுத்தார். அமெரிக்கருள் அதனை முதன்முதல் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தவர் அவரே. அவ்வைரஸிற்குப் பி.ஆர். 8 என்று பெயராயிற்று. அது கோழிமுட்டையிற் செழித்து வளரும் இயல்பினது. ஆதலின் இன்றும் முட்டையில் வளர்த்து இன்புளுயென்சா ஊசிமருந்து செய்வோர், அவ்வாண்டிற் பரவும் ஏ வகை வைரஸின் மேற்புறக் கூறுகளைப் பி.ஆர். 8இன் உட்கூறுகளோடு இணைத்தே பெரும்பாலும் வித்தினை ஆக்குகின்றனர். அங்ஙனம் செய்த மருந்தை ஏற்கும் முதியவர், 1934இல் பிரான்சிஸ் பிரித்தெடுத்த வைரஸின் வழிவந்த பயனையே ஏற்கின்றார்.

1938 முதல் 1941 வரை நியூயார்க் சர்வகலாசாலையில் நுண்கிருமியியற் பேராசிரியராக விளங்கிய பிரான்சிஸ், 1940இல் முன்னதினும் வேறான மற்றோர் இன்புளுயென்சா வைரஸைக் கண்டார். டாக்டர் மாகில் என்பாரும் அதனைத் தனித்தே கண்டனர். முன்னதற்கு ஏ என்றும் இதற்கு பி என்றும் பெயர் வழங்கலாயின. ஒன்றனுக்குரிய காப்பு மற்றொன்றினைத் தடாது என்பது தெளிவாயிற்று. 1941இல் மிச்சிகன் சர்வகலாசாலை தான் புதிதாக நிறுவிய பொதுச் சுகாதாரக் கலாசாலைக்கு அவரை அழைத்துக்கொண்டது. அங்கே தொற்றுநோயியல் துறையை அவரே தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்கப் படையின் இன்புளுயென்சாக் குழுவிற்குத் தலைவராகவும் ஆயினார். 1918இல் போர்வீரர் முகாம்களில் ஈக்கள்போல் மாய்ந்ததை அரசாங்கத்தார் மறந்திலர்; இரண்டாம் உலகப்போரில் அது மீளாதிருத்தல் வேண்டுமென்று கருதினர். பிரான்சிஸின்கீழ்ப் பயில வந்த இளைஞருள் ஜோனாஸ் ஸால்க் என்பவரும் ஒருவர். போலியோ ஊசி கண்டவர் என்று உலகம் புகழும் ஸால்க், ஊசிமருந்து ஆக்கும் முறையைக் கற்றது இவ்வாசிரியரிடத்தேயாம்.

கருவுற்ற முட்டையில் வைரஸை வளர்த்து, அதனை இரசாயனப் பொருளாற் செயலிழக்கச் செய்து ஊசிமருந்து ஆக்கினர். அஃது உண்மையிற் காக்குமா என்று அறிவது எப்படி? இவ்விடத்தில் மறைக்கத்தகாத ஒன்றைக் கூறவேண்டும். மிச்சிகனில் மனநோய் மருத்துவமனைகளில் இருந்தவர்க்கு ஊசி போட்டபின், வைரஸை வேண்டுமென்றே அவரைச் சாரச் செய்து, பிரான்சிஸும் அவர்தம் குழுவினரும் சோதித்தனர். தம் உடன்பாட்டைத் தெளிந்து கூறவியலாத மக்களை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துதலை இக்காலத்து வைத்திய ஒழுக்கம் இசையாது. அக்காலத்தில் பலர் செய்தனரென்பதனால் அது குற்றமின்றாகாது. பெரியோர் சரித்திரத்தில் நிழலையும் கூறினாலன்றி அவரை முழுதும் அறிந்தவராகோம்.

பின்னர் 1943இல் நிகழ்ந்த சோதனையோ பிழையற்றது. அமெரிக்கச் சர்வகலாசாலைகள் பலவற்றிற் பயிற்சி பெற்றுவந்த படைமாணவர் 12,000க்கு மேற்பட்டோரைத் தெரிந்து, ஒருவர் விட்டு ஒருவராக ஒரு பாதியினர்க்கு மருந்தும் மற்றைப் பாதியினர்க்கு மருந்தில்லாப் போலி ஊசியும் போட்டனர். சின்னாட்களுள் ஏ வகைக் காய்ச்சல் பரவிற்று. மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 2.2 பேரும், பெறாதவருள் நூற்றுக்கு 7.1 பேரும் நோயுற்றனர். ஊசி பெற்றவர்க்கும் காய்ச்சல் வந்ததே என்பது உண்மை. பெறாதவர்க்கு அதனின் மும்மடங்கு வந்ததென்பதும் உண்மை. இரண்டனையும் ஒருங்கே காண்பவரே ஊசியின் பயனை உள்ளவாறு அறிந்தவராவர். 1945இல் பி வகைக் காய்ச்சல் மிச்சிகனிற் பரவியபொழுது, ஊசி பெற்ற தரைப்படை மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரும், பெறாத கடற்படை மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மரும் நோயுற்றனர். அவ்வாண்டிற்குள் பொதுமக்களும் இவ்வூசியைப் பெற அமெரிக்காவில் அனுமதி அளிக்கப்பட்டது. பிரான்சிஸின் புகழ் ஓங்கிற்று.

அப்புகழுக்கு 1947இல் ஒரு சோதனை நேர்ந்தது. அவ்வாண்டு இளவேனிற் காலத்தில் மிச்சிகன் சர்வகலாசாலையில் மீண்டும் காய்ச்சல் பரவிற்று. அங்கே ஊசி பெற்றவர் 10,328 பேர். பெறாதவர் 7,615 பேர். பெற்றவருள் நூற்றுக்கு 7.2 பேரும் பெறாதவருள் நூற்றுக்கு 8.1 பேரும் நோயுற்றனர். எனவே ஊசி ஏறக்குறையப் பயனற்றதாயிற்று. தாம் ஆக்கிய மருந்து, தம் சர்வகலாசாலையிலேயே, தம் கண்ணெதிரிலேயே தோல்வியுற்றதைக் கண்ட வேறொருவர் எண்களை மூடிவைத்திருத்தல் கூடும். பிரான்சிஸோ ஸால்க் முதலியவரோடு அவ்வாண்டிலேயே அவற்றை வெளியிட்டார். அதனோடமையாது காரணத்தையும் ஆராய்ந்தார். ஏ வகை வைரஸ் தன் மேற்புற உருவத்தை மாற்றிக்கொண்டது; பழைய உருவிற்கெனச் செய்த மருந்தால் தூண்டப்பெற்ற எதிர்ப்பொருள் புதிய உருவினைப் பற்றவில்லை என்று கண்டனர். அமெரிக்காவின் பெரும் வைத்தியப் பரிசாகிய லாஸ்கர் விருது அவரை அடைந்ததும் அதே 1947ஆம் ஆண்டிலாகும்.

இத்தோல்வி பெரும் பயன் விளைத்தது. வைரஸ் எங்கெங்கே எவ்வெவ்வாறு மாறுகின்றதென்று உலக முழுவதும் கண்காணித்தாலன்றி ஊசியாற் பயனில்லை என்பதை அறிஞர் உணர்ந்தனர். அக்கண்காணிப்பு வலை இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின்கீழ் விரிந்துள்ளது. புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையமும் அதனுட் பட்டதாம். ஆண்டிற்கு இருமுறை அறிஞர் கூடி, வரும் பருவத்து ஊசியிற் சேர்த்தற்குரிய வைரஸ்கள் இவையென வகுக்கின்றனர். ஆண்டுதோறும் ஊசி ஏன் என்று வெறுப்போடு வினவுவார்க்கு மரக்காணத்து உப்பளத்தார் விடையளிப்பர். மழை வந்து கரைத்த பாத்தியை அவர் ஆண்டுதோறும் மீண்டும் மிதித்துச் சமன்செய்து வரப்பிடுகின்றனர். சென்ற ஆண்டுப் பாத்தியில் இவ்வாண்டு உப்பு விளையாது.

1954ஆம் ஆண்டு பிரான்சிஸுக்கு வேறொரு பெரும் பொறுப்பைக் கொணர்ந்தது. மாணவர் ஸால்க் ஆக்கிய போலியோ ஊசியைச் சோதித்துத் தீர்ப்பளிக்குமாறு அவரை வேண்டினர். ஊசி யாருக்குப் போடப்பெற்றது, போலி யாருக்கு என்பது குழந்தைக்கும் பெற்றோர்க்கும் வைத்தியர்க்கும் தெரியலாகாது. அத்தகைய ஒப்பீடு சோதனையில் இடம்பெறல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தி, அதற்கு இசைந்தபின்னரே பொறுப்பேற்றார். மாணவர் என்னும் அன்பு தீர்ப்பைச் சாய்த்துவிடலாகாதென்று அவர் கருதினார் போலும். அமெரிக்கா, கனடா, பின்லாந்து என்னும் மூன்று நாடுகளில் 18 லட்சம் குழந்தைகள் சோதனையுட்பட்டனர். முடிவு வெளிவருமுன் ஸால்க்கும் அதனை அறிந்திலர். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஆன் ஆர்பர் நகரிற் கூடிய பேரவையில், ஊசி தீங்கற்றதென்றும், கைகால்களை முடக்கும் போலியோவை நூற்றுக்கு 80 முதல் 90 வரை தடுப்பதென்றும் பிரான்சிஸ் அறிவித்தார். அன்று கோயில் மணிகள் ஒலித்தன. பெற்றோர் கண்ணீர் உகுத்தனர். புகழ் முழுவதும் மாணவரைச் சேர்ந்தது. ஆசிரியர் தம் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார்.

அங்கே அவர் ஆராய்ந்துவந்த பொருளே முதியோர்க்கு மிகவும் உரியது. 1930களிலேயே அவர், பல வயதினரின் இரத்தத்தைப் பெற்று, அதிலுள்ள எதிர்ப்பொருளை ஆராயத் தொடங்கியிருந்தார். வயது வந்தோர் இரத்தத்தில் பன்றிகளிடத்துக் காணும் இன்புளுயென்சா வைரஸிற்கு எதிர்ப்பொருள் இருந்தது; சிறு குழந்தைகளிடத்தில் இல்லை. அவ்வைரஸ் 1918இன் வைரஸிற்கு உறவானது. அதாவது பழைய நோய், அதனைக் கண்டு பிழைத்தவரின் குருதியில் தன் அடையாளத்தை விட்டுச் சென்றிருந்தது. இவ்வாராய்ச்சியைத் தம் தோழர் டேவன்போர்ட், ஹென்னஸி முதலியவரோடு பல்லாண்டு நடத்தினார்.

இதனிடையே 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரினின்று வந்த கப்பலின் வழியே ஒரு புதிய இன்புளுயென்சா சென்னைத் துறைமுகத்திற் புகுந்தது. அங்கிருந்து அது இந்தியா முழுவதும் பரவிற்று. நோயுற்றவராகக் கணக்கிற் பதிவானவரே 44 லட்சத்திற்கு மேற்பட்டனர். நீலகிரியிற் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலிருந்த இன்புளுயென்சா ஆராய்ச்சிக் கூடத்தார் அவ்வைரஸை ஆராய்ந்தனர். உலகெங்கும் பெரும்பாலோர் குருதியில் இப்புதிய வைரஸிற்கு எதிர்ப்பொருள் ஏதுமில்லை. எழுபது வயது கடந்த சிலரிடத்தில் மட்டும், அவர்தம் இளமையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட காய்ச்சலின் எச்சமாக அஃது இருந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து 1960இல் பிரான்சிஸ் தம் கொள்கையை வெளியிட்டார். இளமையில் முதன்முதல் தொற்றிய வைரஸின் உருவம் உடலின் நினைவில் ஆழப்பதிகின்றது. பின்னர் உருமாறிய வைரஸ் வந்தபோதும், அதற்கென்று ஊசி போட்டபோதும், உடல் முதலிற் கண்ட பழைய உருவிற்குரிய எதிர்ப்பொருளையே மிகுதியாக விளைக்கின்றது. வேதசாஸ்திரத்தில் வழங்கும் ஆதிபாவம் என்னும் சொல்லையே இவ்வியல்பிற்குப் பெயராக அவர் இட்டது, போதகர் மகனார்க்கு இயல்பேயாம். முதல் நினைவு சிலகாற் கேடாகவும் சிலகாற் காப்பாகவும் முடிதலைப் பின்னர் வந்தோர் கண்டனர். 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று நாம் வழங்கிய நோய் பரவியபொழுது, அறுபது கடந்தோர் இளையோரினும் குறைவாகவே நோயுற்றனர். பழைய வைரஸின் நினைவு அவர்க்குக் கவசமாயிற்று.

முதியோர்க்கு ஊசியின் பயன் குறைதற்கு வேறொரு காரணமும் உண்டு. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் என்னும் சுரப்பி, நோயை எதிர்க்கும் அணுக்கள் சிலவற்றைப் பயிற்றுவிக்கும் பாசறை போல்வது. இளமை கடந்தபின் அது படிப்படியாகச் சுருங்குகின்றது. புதிய பகையை முதன்முறை கண்டறிந்து போர்தொடுக்கும் அணுக்கள் அதனாற் குறைகின்றன. ஆகவே ஒரே ஊசி, இருபது வயதினனிடத்து விளைக்கும் எதிர்ப்பொருளை எழுபது வயதினரிடத்து விளைப்பதில்லை. விளைத்ததும் சில மாதங்களில் தேய்கின்றது. வயது முதிர்ந்தார்க்கே நோயாற் சாவு மிகுதி. அவர்க்கே ஊசியின் பயன் குறைவு. இஃதன்றோ இத்துறையின் பெருந்துயர்!

1960ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தார், 65 வயது கடந்தோர் ஆண்டுதோறும் இன்புளுயென்சா ஊசி பெறல் நன்றென்று அறிவுரை கூறினர். முதியோர் பலர் மாய்ந்ததைக் கண்ட இரக்கத்தால் எழுந்த அறிவுரை அது. ஆயின் அதற்கு அடிப்படையாயிருந்த சோதனைகள் பெரும்பாலும் இளம் படைவீரரிடத்தே நடந்தவை. காளையரிடத்து அளந்த அளவை முதியோர்க்குப் பொருத்தியது பொருந்துமோ என்று அறிஞர் சிலர் சின்னாளில் ஐயுற்றனர். அவ்வையம் நேரியதே. முதியோரையே கொண்டு, போலி ஊசியோடு ஒப்பிட்ட நல்ல சோதனை ஒன்று வெளிவர 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. ஹாலந்து நாட்டில் அறுபது வயது கடந்த 1,838 பேரைக்கொண்டு அது நடந்தது. குருதிப் பரிசோதனையால் தெரிந்த இன்புளுயென்சா, ஊசி பெற்றவருள் நூற்றுக்கு 4 பேர்க்கும் பெறாதவருள் 9 பேர்க்கும் கண்டது. எனவே முதியோர்க்குக் கிடைக்கும் காப்பு ஏறத்தாழப் பாதியாம். எழுபது கடந்தார்க்கு அஃது அதனினும் குறைவென்றும் அச்சோதனை குறிப்பிட்டது.

இக்குறையை நிரப்ப வழி தேடியவர் பலர். மருந்தின் அளவை நான்மடங்காக்கிப் பார்த்தனர். 2014இல் வெளிவந்த சோதனையில், 65 வயது கடந்தோர் 31,989 பேருள் வழக்கமான ஊசி பெற்றவர் நூற்றுக்கு 1.9 பேரும், மிகுந்த அளவு பெற்றவர் நூற்றுக்கு 1.4 பேரும் நோயுற்றனர். முதியோரின் நுரையீரலை வருத்தும் ஆர்.எஸ்.வி. என்னும் மற்றொரு வைரஸிற்கு, 2023இல் முதன்முதல் ஊசி அனுமதி பெற்றது. அறுபது கடந்தோர் ஏறத்தாழ 25,000 பேரிடத்து நடந்த சோதனையில், முதற் பருவத்தில் அது நுரையீரலைத் தாக்கும் நோயை ஐந்தில் நான்கு பங்கிற்குமேல் தடுத்தது. கொரோனா ஊசியைப் பற்றியோ நம் தமிழ்நாட்டிலேயே ஒரு கணக்குண்டு. 2021இல் நம் காவற்படையினர் 1,17,524 பேரை ஆராய்ந்தனர். இருமுறை ஊசி பெற்ற 67,673 பேருள் இறந்தவர் 4. ஒருமுறை பெற்ற 32,792 பேருள் 7. ஊசியே பெறாத 17,059 பேருள் 20. இவர் முதியோரல்லர் என்பதை மறத்தலாகாது. ஆயினும் ஊசி சாவைத் தடுப்பதில் வல்லதென்பதற்கு இக்கணக்குச் சான்றாம்.

இனிப் பிரான்சிஸின் இறுதிக் காலத்திற்கு மீள்வோம். மிச்சிகனில் டெகும்சே என்னும் சுமார் 10,000 மக்கள் வாழும் சிற்றூரைத் தெரிந்து, 1959 முதல், அவ்வூரார் அனைவரின் உடல்நிலையையும் ஆண்டுக்கணக்காகக் கவனிக்கும் பெரும்பணியை அவர் தொடங்கினார். 1968இல் ஹாங்காங் காய்ச்சல் பரவியபோது அவருடைய துறையினர் அவ்வூர்ப் பள்ளிச் சிறுவருள் நூற்றுக்கு 85 பேர்க்கு ஊசி போட்டனர். அண்மையிலுள்ள ஏட்ரியன் என்னும் ஊரில் அங்ஙனம் செய்திலர். ஏட்ரியனில் காய்ச்சல் டெகும்சேயினும் மும்மடங்காயிற்று. ஊசி பெற்றவர் சிறுவர். பயனை நுகர்ந்தவர் ஊரார் அனைவரும். தம் உடல் நிறைந்த காப்பினை விளைக்கமாட்டாத பாட்டனாரைப் பேரன் தன் தோளில் ஏற்ற ஊசியாற் காத்தல் கூடும் என்பது இதனாற் புலனாயிற்று. அடுத்த ஆண்டு, 1969 அக்டோபர் முதல் நாள், பிரான்சிஸ் ஆன் ஆர்பரில் காலமானார்.

அவர் ஆக்கிய மருந்தினும் அவர் விட்டுச்சென்ற ஒழுக்கமே பெரிதென்பது எம் கருத்து. ஊசி எத்துணைக் காக்குமென்று கேட்டார்க்கு அவர் விருப்பத்தாலும் அச்சத்தாலும் விடையளித்தாரல்லர், எண்ணி விடையளித்தார். விடை தமக்கு இனிதாயிருந்த 1943இலும் எண்ணினார். கசப்பாயிருந்த 1947இலும் எண்ணினார். மக்கள் பின்னர் அவரிடத்துப் போலியோ ஊசியின் தீர்ப்பை ஒப்படைத்தமைக்கு இவ்விரண்டாவது எண்ணிக்கையே காரணமென்று கருதுகின்றோம். தோல்வியை மறையாதவர் வெற்றியைக் கூறும்போதன்றோ உலகம் நம்பும்?

எமதூர்ப் பெரியவரிடத்து இனி மீள்வோம். ஊசி போட்டுக்கொண்ட அவரைச் சூழ்ந்த உறவினர்க்கு நம் மாணவர் கூறத்தக்க விடை இதுவாம். காய்ச்சல் வாராதென்று உறுதியில்லை. பத்துப் பேர்க்கு வரக்கூடிய இடத்தில் ஏறக்குறைய ஐவர்க்கு வரும். வைரஸ் மிகவும் உருமாறிய ஆண்டில் அதனினும் கூடலாம். வந்தாலும் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையும் சாவும் குறையும். ஆதலின் ஊசி பெற்றபின்னரும் மூச்சுத்திணறலோ கடுங்காய்ச்சலோ கண்டால் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுக. சென்னை, வேலூர்ப் பக்கங்களில் இன்புளுயென்சா வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மிகுதலின், நம் பகுதி முதியோர் மழைக்கு முன்னர், வைத்தியரைக் கேட்டு, ஊசி பெறுதல் நன்று. வீட்டிலுள்ள இளையோரும் பெற்றுக்கொள்வாராயின் முதியோர்க்கு இரட்டைக் காப்பாம்.

பாதிக் காப்பு என்று இகழ்வார் சிலர். உப்பளத்து வரப்பு கடலைத் தடுத்து நிறுத்துவதன்று. பாத்திக்குள் வரும் நீரை அளவோடு நிறுத்துவதேயாம். அவ்வரப்பின்றி ஒரு பிடி உப்பும் இல்லை. பத்து முதியவருள் ஐவர் நோயினின்று தப்புவரெனின், அவ்வைவருள் ஒருவர் நம் பாட்டனாராகவோ பாட்டியாராகவோ இருத்தல் கூடும். எண்களைக் கற்கும் நம் மாணவர், அவ்வெண்களுக்குப் பின்னால் நிற்கும் அம்முகங்களையும் நினைந்து கற்பாராக. டாக்டர் தாமஸ் பிரான்சிஸின் சரித்திரம் நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.